நாலாம் நம்பர் பம்பின் கைராசிக்காரி

ரொறன்ரோ மாநகரத்து மக்களை ஆராய்ச்சியாளர்கள் மொழி, மதம், வருமானம் என்று பலவாறாகப் பிரித்து எழுதுகிறார்கள். பாவம், அவர்களுக்கு விஷயம் தெரியாது. இங்கே இருப்பது இரண்டே சாதி. காரை விட்டு இறங்கித் தானே காஸ், அதாவது பெற்றோல், அடிக்கிறவர்கள் ஒரு சாதி. இறங்காமல், கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து கார்ட்டை வெளியே நீட்டுகிறவர்கள் மற்றச் சாதி. முதலாவது சாதியார் லீற்றருக்கு நாலைந்து சதம் மிச்சம் பிடிக்கிறார்கள். இரண்டாவது சாதியார் கௌரவத்தை மிச்சம் பிடிக்கிறார்கள்.

இறங்காத சாதிக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு. முழங்கால் நோக்காடுக்காரர். நகத்தில் ஓவியம் வரைந்தவர்கள். பட்டுச்சேலையோடு கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள். கூறைச்சேலைக்காரியை வாழ்த்தப் போகும் இடத்தில் பெற்றோல் மணக்கக்கூடாது அல்லவா? இவர்கள் தவிர, இறங்கினால் "அப்பிடியே உள்ளுக்குப் போய் ஒரு பால் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று மனைவி சொல்லிவிடுவாளோ என்று அஞ்சி, ஆசனத்தோடு ஆசனமாக ஒட்டிக்கொள்ளும் கணவன்மார். இந்தக் கடைசிப் பிரிவுதான் பெரும்பான்மை.

இத்தனை பேரின் மானத்தையும் பதினாலு வருடமாகக் காத்து வந்தவர் மனோரஞ்சிதம்.

ஸ்காபரோவில் மார்க்கம் றோட்டின் ஒரு மூலையில் அந்தக் காஸ் ஸ்ரேசன் இருக்கிறது. எட்டுப் பம்புகள். ஏழு செல்ஃப் சேர்விஸ். நாலாம் நம்பர் மட்டும் ஃபுல் சேர்விஸ். அங்கே மூன்று சுவெற்றர், அதற்கு மேலே ஒரு ஜக்கெற், அதற்கும் மேலே செம்மஞ்சள் நிறத்தில் மின்னும் ஒரு மேலங்கி என்று, உருண்டையாக ஒரு பெண்மணி நிற்பார். ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடி. வாகனத்தைக் கண்டதும் அதன் காஸ் மூடி எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். அதை இன்னமும் அறியாத கார்ச் சொந்தக்காரர் ரொறன்ரோவில் ஆயிரக்கணக்கில் உண்டு.

மனோரஞ்சிதத்துக்குக் கார் ஓடத் தெரியாது. இதை அவர் ஒளித்ததும் இல்லை. எழுத்துப் பரீட்சையில் முதல் தடவையே பாஸ். றோட்டில் ஓடிக் காட்டச் சொன்ன அன்று, மூன்றாவது சந்தியில் பரீட்சகர் கதவைத் திறந்து இறங்கி, மிச்சத் தூரத்தை நடந்தே போய்விட்டார். அன்றிலிருந்து பஸ்தான். காலையும் மாலையும் அந்த பஸ்ஸை ஓடுகிறவர் ஜூலியஸ். ஸ்ரேசனின் வாசலுக்கு நேரே நிறுத்தி, "அன்ரி, உங்கட ராச்சியம் வந்திட்டுது, இறங்குங்கோ" என்பார்.

ஓடத் தெரியாத இந்தக் கைக்குத்தான் ராசி வந்து ஒட்டிக்கொண்டது.

காரணம் குஞ்சித்தம்பி. ஸ்ரௌவ்வில்லில் நாலு அறை வீட்டோடும் மூன்று இடிபட்ட கார்களின் நினைவோடும் வாழ்ந்த பெரிய மனிதர். முதலாவது கார் ஒரு கம்பத்தோடு மோதியது. இரண்டாவது காரோடு கம்பம் வந்து மோதியது. அப்படித்தான் அவர் பொலிசுக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாவது, சொந்தக் கராஜின் கதவு. அது திறந்திருப்பதாக அவர் முழுமனதோடு நம்பினார், கதவு ஒத்துழைக்கவில்லை. நாலாவது காரை வாங்கிக்கொண்டு வந்த அன்று பெற்றோல் ராங் அடிமட்டத்தில் இருக்க, நாலாம் பம்புக்கு வந்தார். மனோரஞ்சிதம் காஸ் அடித்து, மூடியைப் பூட்டி, அதில் இரண்டு தட்டுத் தட்டி, "போய் வாங்க அண்ணன், ஒண்டும் வராது" என்றார்.

ஒன்பது வருடம் ஒரு கீறல் இல்லை.

மூன்றாவது விபத்துக்குப் பிறகு குஞ்சித்தம்பியின் மனைவி கார்த் திறப்பை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார் என்பதும், ஒன்பது வருடமாகக் காரை ஓடுகிறவர் அந்த அம்மையார்தான் என்பதும் உண்மையே. ஆனால் அற்புதங்களை ஆராயும்போது இப்படியான சில்லறை விபரங்களை இடையில் புகுத்தக்கூடாது. குஞ்சித்தம்பியும் புகுத்தவில்லை. செத்த வீடு, சாமத்தியச் சடங்கு, பூப்பந்து வகுப்பு வாசல் என்று போன இடமெல்லாம் "அந்த மனிசியின்ர கை, வெறும் கையில்லை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டே வருடத்தில் அது சட்டமாகிவிட்டது. புதுக் கார் வாங்கினால் முதலில் கோயில். நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய். அடுத்தது நாலாம் பம்பு. முதல் காஸ் மனோரஞ்சிதத்தின் கையால். கார் விற்கிறவன், "ராங்கை நிறைத்தே தருகிறேன், காசு வேண்டாம்" என்று சொல்ல, "ஐயோ வேண்டாம், நிறைச்சுப்போடாதையும்!" என்று தமிழர் கையெடுத்துக் கும்பிடும் காட்சியை உலகம் முதன்முதலாக இந்தக் காலத்தில்தான் கண்டது. ஓசியை உதறித் தள்ளும் இனம் எது என்று அந்த விற்பனையாளர்கள் இன்னமும் தங்களுக்குள் விசாரித்துக்கொள்கிறார்களாம்.

"கையில என்ன இரிக்கு மனே? குழாய்க்குள்ளதான் இரிக்கு," என்று மனோரஞ்சிதம், எல்லோரையும் மகனாக்கி, எல்லோரிடமும் சொல்வார். சொல்லிக்கொண்டே பழைய கையுறையைக் கழற்றிவிட்டு, புதுக் கார்களுக்கென்று தனியாக வைத்திருக்கும் வெள்ளைக் கையுறையைப் போடுவார்.

இந்தப் பொற்காலத்துக்கு நடுவேதான் டேட்டா வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தவர் சசிகரன். யூனியன்வில்லில் இருக்கிறார், நாற்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ரேசனை வாங்கினார். கெட்டவர் இல்லை. படித்தவர், அவ்வளவுதான்.

பங்குனி மாதம் ஒரு பின்னேரம் கையைப் பிசைந்துகொண்டு பம்படிக்கு வந்தார்.

"அன்ரி, ஒரு விஷயம் கதைக்கோணும்."

"ஒரு விஷயம் எண்டு தொடங்கினா அது நல்ல விஷயம் இல்ல. சொல்லுங்க மனே."

"டேட்டா என்ன சொல்லுதெண்டால், ஃபுல் சேர்விஸ் இனிச் சரிவராது. மே முதலாம் திகதியிலேருந்து இதையும் செல்ஃப் ஆக்கப்போறன். நீங்கள் உள்ளுக்கு வாங்கோ. அதே சம்பளம். ஹீட்டர் இருக்கு, கதிரை இருக்கு, லொட்டோ மெசின் இருக்கு."

"சனம் இரிக்குமா?"

"சனமும் வரும்தானே."

"வரும். ஃபோனப் பாத்துக்கொண்டு வரும், ஃபோனப் பாத்துக்கொண்டு போகும். நான் தொட்டிக்குள்ள கிடக்கிற மீன் மாதிரி வாயத் திறந்து திறந்து மூடோணும்."

மனோரஞ்சிதத்தின் கவலை குளிரைப் பற்றியதோ கதிரையைப் பற்றியதோ அல்ல. ஒரு ராங் நிறைய நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில், இரண்டு விரல் அகல இடைவெளியால், ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் வெளியே வரும். மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தது, மருமகள் உப்புப் போடாமல் சமைப்பது, விட்பியில் பார்த்த வீடு கைநழுவியது, எல்லாவற்றுக்கும் அவர்தான் முதல் சாட்சி. சிலர் பத்து டொலருக்கு அடிப்பார்கள், முப்பது டொலருக்குக் கதைப்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் போனால் இதெல்லாம் போச்சு.

"கைராசி எண்டு எவ்வளவு சனம் வருது மனே."

"கைராசியை டேட்டாவில போடேலாது அன்ரி." சசிகரன் சிரித்தார். "அதோட இனி வாறதெல்லாம் கறண்ட் கார். காஸ் ஓட்டையே இல்லாத காருக்கு உங்கட கை என்னத்துக்கு?"

மனோரஞ்சிதம் அடுத்து வந்த காரின் மூடியில்லாத பக்கத்துக்குப் போய் நின்றார். பதினாலு வருடத்தில் முதல் தடவை.

அன்று இரவு விட்பியில் இருக்கும் மகள் நிலாணிக்குச் சொன்னார். "பேசாம இஞ்ச வந்து இரிங்கம்மா. பேஸ்மென்ற் சும்மாதானே கிடக்கு," என்றாள் நிலாணி. மீன் தொட்டி ஒரு பக்கம், பேஸ்மென்ற் ஒரு பக்கம். மனோரஞ்சிதம் அந்தக் கிழமை முழுவதும் கார்களின் கண்ணாடியை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் துடைத்தார்.

இதற்கிடையில் சசிகரன், தன் டேட்டாவுக்குத் தானே முன்மாதிரியாக இருக்க எண்ணி, ஒரு கறண்ட் கார் வாங்கினார். கறுப்பு நிறம். கதவுக்குக் கைபிடிகூட வெளியே தெரியாது. எழுபத்திரண்டு வயதுத் தாயார் கமலாம்பிகை அதைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. மனோவிட்டக் காட்டியாச்சோ?"

"அம்மா, உது கறண்ட் கார். உதில பெற்றோல் இல்லை."

"இல்லையெண்டபடியாத்தானே அடிச்சுக்கொண்டு வா எண்டுறன்!"

"அடிக்கேலாதம்மா. அடிக்கிற இடமே இல்லை."

கமலாம்பிகை மகனை ஏற இறங்கப் பார்த்தார். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஒரு வாகனம் ஓடும் என்று யாரோ தன் பிள்ளையை ஏமாற்றிவிட்டார்கள் என்பது அவருக்குத் தெளிவாக விளங்கியது. "அந்த மனிசியின்ர கை படாத வாகனத்தில நான் கால் வைக்கமாட்டன். வருஷப்பிறப்புக்குக் கோயிலுக்கு நான் பஸ்ஸில போறன். நாலு சனம் கேட்டால் சொல்லுறன், மகன் புதுக்கார் வாங்கினவன், அதுதான் நான் பஸ்ஸில வாறன் எண்டு."

டேட்டாவில் இதற்கும் இடமில்லை.

சித்திரை வருஷப்பிறப்பு. ரொறன்ரோவில் அன்று மெல்லிய பனி தூவியது; வசந்தம் வந்துவிட்டதென்று அரசாங்கம் அறிவித்திருந்தபடியால் யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நல்ல நேரம் சொன்னது. திருக்கணிதம் இன்னொன்று சொன்னது. இலங்கை நேரத்தைக் கனடா நேரமாக மாற்றியதில் மூன்றாவது ஒன்றும் பிறந்தது. மூன்றும் ஒன்றையொன்று தொடும் ஒரு சின்ன இடைவெளி, பதினொன்றரைக்கு முடிவது, எல்லோருக்கும் பொதுவென்று ஏற்கப்பட்டது. அந்த இடைவெளியில் வருஷத்தின் முதல் காஸை அடித்துவிட, நாலாம் பம்பில் ஏழு கார்கள் வரிசையாக நின்றன. மற்ற ஏழு பம்புகளும் ஈயோட்டின.

அந்த வரிசையில் மூன்றாவதாக, தன் சொந்த ஸ்ரேசனில், தான் மூடப்போகும் பம்புக்கு முன்னால், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சசிகரன். கமலாம்பிகை காருக்குள் ஏறவில்லை. ஒரு டாக்சியில் வந்து இறங்கி, பட்டுச்சேலைக்கு மேலே குளிர்க்கோட்டுப் போட்டுக்கொண்டு பம்பருகே காவல் நின்றார்.

முன்னால் நின்ற இரண்டு கார்கள் போய், பின்னால் இன்னும் இரண்டு வந்து சேர்ந்து, சசிகரனின் முறை வந்தபோது பதினொன்று இருபத்திரண்டு.

"மனோ, அடி பிள்ளை. நேரம் போகுது," என்றார் கமலாம்பிகை.

மனோரஞ்சிதம் காரின் வலப்பக்கம் போனார். இடப்பக்கம் வந்தார். பின்னாலும் போய்ப் பார்த்தார். சசிகரன் கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தார். இறங்காத சாதியில் அவர் சேர்ந்த முதல் நாள் அது.

"அன்ரி, சும்மா அடிக்கிற மாதிரி ஒருக்காச் செய்யுங்கோவன். அம்மாவுக்குத் தெரியாது."

"எல்லாம் தெரியும்!" என்றார் கமலாம்பிகை, கோட்டுக்குள்ளிருந்து.

பின்னால் நின்ற காரின் கதவு திறந்தது. இறங்கியவர் குஞ்சித்தம்பி, வேட்டியும் குளிர்ச் சப்பாத்துமாக. ஃபுல் சேர்விஸ் வரிசையில் அவர் காலடி நிலத்தில் பட்டது அன்றுதான். அவரைக் கண்டு மற்ற ஆண்களும் இறங்கினார்கள். ஒரு காருக்கு ஓட்டை தேடுவதில் இத்தனை பேர் மனமொத்து உழைத்ததை நமது சங்கங்கள் பார்த்துக் கற்கவேண்டும். ஒருவர் காருக்குக் கீழே குனிந்தார். ஒருவர் குண்டும் குழியுமாக ஏதாவது தட்டுப்படுமா என்று தடவினார். பின்பக்க மூலையில் தானாகத் திறந்த சின்னக் கதவொன்றைக் கண்டு, "இஞ்சை கிடக்கு ஓட்டை!" என்று குஞ்சித்தம்பி கூவினார்.

"அண்ணை, அது கறண்ட் குத்துற இடம்!" சசிகரன் அலறினார். "அதுக்கை பெற்றோல் விட்டியளெண்டால் மார்க்கம் றோட்டே எரியும்!"

பதினொன்று இருபத்தைந்து.

மனோரஞ்சிதம் நிமிர்ந்து பார்த்தார். ஏழு கார்ச் சனமும் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஓட்டையில்லாத காருக்கு உங்கட கை என்னத்துக்கு என்று கேட்டவன் அந்தக் காருக்குள்ளேயே இருக்கிறான். இப்போது கையை விரித்தால் மே முதலாம் திகதி இன்றைக்கே வந்துவிடும்.

அப்போது பனி இன்னும் கொஞ்சம் தூவியது. காரின் முன்கண்ணாடியில் உப்புச் சேறு. துடைப்பான் தானாக எழும்பி, வறட்டு வறட்டென்று இழுத்து, சேற்றை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குப் பூசிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மனோரஞ்சிதம் வெள்ளைக் கையுறையைப் போட்டார்.

"முன் மூடியத் திறங்க மனே."

"அதுக்குள்ள இஞ்சினே இல்லை அன்ரி."

"இஞ்சின ஆர் கேட்ட? திறங்க."

சசிகரன் திரையைத் தட்டினார். பின்கதவு திறந்தது. மறுபடி தட்ட, உள்ளே பாட்டுப் பாடியது. மூன்றாவது தடவை முன்மூடி மெல்ல மேலே வந்தது. பதினாலு வருடம் காஸ் மூடி பார்த்த கண் ஒரே பார்வையில் கண்டுபிடித்தது. ஓரத்தில், நீல நிறத்தில், கண்ணாடிப் படம் போட்ட ஒரு சின்ன மூடி.

"கறண்ட் காருக்கும் கண்ணாடி ஊத்தையாகும்தானே," என்றார் மனோரஞ்சிதம். கடை வாசலில் அடுக்கியிருந்த கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீரில் ஒரு கலன் தூக்கி வந்தார். "அக்கா, இண்டைக்கு வருஷப்பிறப்பு. மனிசருக்கு மூலிகை அவிச்சுத் தலையில மருத்துநீர் வைக்கிறோம். காருக்கு இதுதான் மருத்துநீர். மைனஸ் நாப்பதுக்கும் உறையாது."

கமலாம்பிகை யோசித்தார். சாஸ்திரத்தில் தவறு தெரியவில்லை. ஆனாலும் விடுகிறவரா?

"மருத்துநீர் எண்டால் தலைக்கு ஒரு இலை, காலுக்கு ஒரு இலை வைக்கோணுமே பிள்ளை."

சித்திரை மாதத்து ரொறன்ரோவில் மரங்களிடம் இலை கேட்பது வறியவனிடம் கடன் கேட்பது மாதிரி. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். குஞ்சித்தம்பியின் மனைவி மட்டும் தங்கள் காரின் பின்னாசனத்தில் கிடந்த மரக்கறிப் பையைப் பார்த்தார். கறிவேப்பிலை! ஒரு கொத்துக் காரின் கூரையில் ஏறியது. ஒரு கொத்து முன்சில்லுக்குக் கீழே போனது.

பதினொன்று இருபத்தெட்டு. மனோரஞ்சிதம் ஊற்றினார். நீலத் தண்ணீர் குளுகுளு என்று இறங்கியது. கோயிலில் அபிஷேகத்தின்போதும் ஃபோன் பார்க்கிற சனம், கண்கொட்டாமல் நின்றது.

"நிரம்பிட்டுதோ மனோ?"

"வழிய வழிய, அக்கா."

மூடியைப் பூட்டி, இரண்டு தட்டு. "போய் வாங்க மனே, ஒண்டும் வராது."

சந்தோஷத்தில் சசிகரன் எதையோ அழுத்திவிட்டார். முன்கண்ணாடியில் நீலத் தண்ணீர் சீறி எழும்பி, அதையும் தாண்டி, பக்கத்தில் நின்ற குஞ்சித்தம்பியின் உச்சந்தலையில் இறங்கியது. அவர் கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பி, "எனக்கும் மருத்துநீர் ஆச்சு," என்றார். ஏழு காரின் ஹோர்னும் ஒன்றாக ஒலித்தன.

கமலாம்பிகை கோட்டைக் கழற்றிக் கையில் எடுத்தார். முன்னாசனத்தில் ஏறி, பட்டியைப் போட்டு, மகனைப் பார்த்துச் சொன்னார்.

"உந்தப் பம்பை எடுக்கப்போறியாம் எண்டு கேள்விப்பட்டன். எடு ராசா. அடுத்த காரை நீ வாங்கேக்கை நான் டாக்சியிலயே இருந்துகொள்ளுறன்."

சசிகரன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவருடைய கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வரிசையின் கடைசியில் நின்ற வெள்ளைக் காரின் சொந்தக்காரர்; பார்த்தால் பெரிய உத்தியோகத்தர் மாதிரி இருந்தார்.

"தம்பி, வெக்கத்தை விட்டுக் கேக்கிறன். என்ரையும் கறண்ட் கார்தான். எட்டு மாசமா மாமியார் ஏறமாட்டன் எண்டு நிக்கிறா. சும்மா வரிசையில நிண்டு பாத்திட்டுப் போவம் எண்டுதான் வந்தனான். எனக்கும் அந்த அன்ரி ஊத்துவாவோ?"

சசிகரன் அவரைப் பார்த்தார். ஏழு கார்களைப் பார்த்தார். ஈயோட்டும் ஏழு பம்புகளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக டேட்டா நேரில் வந்து கண்ணாடியில் தட்டியிருந்தது.

மே மாதத்துக்கென்று அச்சடித்த செல்ஃப் சேர்விஸ் பலகை கடைக்குப் பின்னால் கிடந்தது. மத்தியானத்துக்குள் சசிகரன் அதைத் தூக்கி வந்து, மறுபக்கம் திருப்பி, தடித்த பேனையால் தன் கையாலேயே எழுதி நாலாம் பம்பில் கட்டினார். "ஃபுல் சேர்விஸ். காஸ் உள்ள கார்களுக்கும் இல்லாத கார்களுக்கும்."

"எழுத்துக் கொஞ்சம் கோணல் மனே," என்றார் மனோரஞ்சிதம்.

"நீங்கள் ஒருக்காத் தட்டிவிடுங்கோ அன்ரி, நிமிரும்."

அன்று பின்னேரம் நாலரைக்கு பஸ் வந்து வாசலில் நின்றது. வழக்கமாக உறுமிக்கொண்டு வரும் பஸ் அன்று சத்தமே இல்லாமல் வந்தது. ஜூலியஸ் கதவைத் திறந்து, ஆசனத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அன்ரி, இண்டைக்குப் புது பஸ் தந்திருக்கிறாங்கள். கறண்ட் பஸ். பின்னால ஐம்பது சனம் இருக்கு. எனக்குக் கொஞ்சம் பதகளிப்பாக் கிடக்கு."

"நீங்க சேர்ச்சுக்குப் போற வேதக்காரரெல்லா மனே?"

"பஸ் வேதமில்லைத்தானே அன்ரி."

மனோரஞ்சிதம் பைக்குள்ளிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்துப் போட்டார். பஸ்ஸின் முன்னால் போய், நெற்றி மாதிரி இருந்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டி, "போய் வாங்க, ஒண்டும் வராது," என்று கையசைத்து வழியனுப்பினார். ஜூலியஸ் கும்பிட்டுவிட்டுக் கதவை மூடினார். பஸ் நகர்ந்தது.

தானும் அதில்தான் போகவேண்டும் என்ற ஞாபகம் அப்போதுதான் வந்தது. "டேய் மனே, நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு, மூன்று சுவெற்றரோடும் ஒரு ஜக்கெற்றோடும் செம்மஞ்சள் மேலங்கியோடும், மார்க்கம் றோட்டுப் பனியில் உருண்டு ஓடினார் மனோரஞ்சிதம்.